ஊசி படாத பச்சை

திருவேங்கடத்தின் கடையில் பச்சை குத்திக்கொள்ள வந்தவர்கள் போடும் கூச்சல் மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருமுனை வரைக்கும் கேட்கும். தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், மெஷின் 'ஙொய்' என்று இரைந்து தோலைத் தொட்டதுமே அம்மாவைக் கூப்பிடுவான். பக்கத்தில் சங்கு விற்கிறவர்களெல்லாம் ஊசி எலும்பு வரை இறங்குகிறது போலிருக்கிறது என்று உச்சுக்கொட்டுவார்கள். அந்த மெஷினில் ஊசியே கிடையாது என்ற விஷயம் திருவேங்கடத்துக்கும் அவன் மனைவி கன்னியம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

திருவேங்கடத்துக்குத் திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே ஒரு கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. சேற்றில் கால் வைக்கப் பிடிக்காமல் செங்கல்பட்டில் போர்டு எழுதும் கடையில் போய்ச் சேர்ந்தான். லாரியின் பின்பக்கம், மளிகைக்கடை முகப்பு, கல்யாண மண்டபத்து வளைவு என்று எதை எழுதினாலும் எழுத்து முத்து மாதிரி விழும். எங்கே ஒற்று போடவேண்டும், எங்கே போடக்கூடாது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. 'பழக்கடை' என்பதில் ஒரு 'க்' விட்டுப்போனாலும் பழம் விற்கத்தானே செய்கிறது என்பது அவன் கட்சி.

அவன் கையிலேயே ஒரு பச்சை உண்டு. பதினேழு வயதில், ஊர்த் திருவிழாவில் பேட்டரி மெஷின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவனிடம் குத்திக்கொண்டது. தேள், இதயம், சாமி என்று பலகை நிறையப் படம் இருந்தும் எதுவும் பிடிக்காமல், தன் பெயரையே எழுதச் சொன்னான். 'திரு' வரை பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினான். 'வே' முடியும்போது கண் இருட்டி, பலகையோடு சேர்ந்து மண்ணில் சாய்ந்தான். யாரோ முகத்தில் சோடா அடித்தார்கள். எழுந்தவன் மீதியைக் குத்திக்கொள்ளாமல் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிட்டான். முழங்கைக்குக் கீழே 'திருவே' என்று மட்டும் நின்றுவிட்டது.

அப்பா அதைக் கொஞ்ச நாள் கழித்துத்தான் பார்த்தார். "உம் பேரு உனுக்கே மறந்துபூடும்னு எழுதிகினியா? அதுலயும் பாதிதான் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

தொண்ணூற்றாறில் கணினியில் வெட்டி ஒட்டும் எழுத்து செங்கல்பட்டுக்கு வந்துவிட்டது. திருவேங்கடம் அதை நினைத்துக் கண்ணீர் விடவில்லை. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் கடைகளுக்குச் சுவரில் மீனும் இறாலும் வரைந்து தர ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, கன்னியம்மாவையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு கடலோரமாகக் குடிவந்துவிட்டான். கன்னியம்மா சும்மா இருக்கிற பேர்வழி இல்லை. மருதாணிக் கூம்பு செய்து கடற்கரையில் வெள்ளைக்காரப் பெண்களுக்குக் கை நிறையக் கொடி போட்டுவிட ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் நாலு மொழியில் பேரம் பேசக் கற்றுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ரூபன் வந்தான். ஹாலந்துக்காரன், உடம்பில் விட்ட இடம் இல்லாமல் படம். அவன் பெயர் என்னவோ ரூபன் மாதிரி ஒலித்ததால் தெருவில் எல்லோருக்கும் ரூபன். குளிர்காலம் தோறும் வந்து தங்கிப் பச்சை குத்துவான். அவன் கடைக்குச் சுவர் வரையப் போன திருவேங்கடத்தின் கோடு நடுங்காமல் ஓடுவதைப் பார்த்துவிட்டு, மெஷினைக் கையில் கொடுத்துப் பார்த்தான். ஊசியை எப்படிச் சுத்தம் செய்வது, ஒருத்தருக்குப் போட்டதை இன்னொருத்தருக்கு ஏன் போடக்கூடாது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தான். பழகுவதற்குத் திருவேங்கடம் பூசணிக்காயை வாங்கிவந்தான். நங்கூரமும் தேளுமாகக் குத்தி முடித்த பூசணிக்காய்களைத் தூக்கிப்போட மனம் வராமல் கன்னியம்மா தோலைச் சீவிக் கூட்டு வைத்தாள். அந்த மாதம் முழுக்க அந்த வீட்டில் பூசணிக்காய்க் கூட்டுத்தான். ஒரு வருஷம் ரூபன் கல்யாணம் ஆகி ஊரோடு நின்றுவிட்டான். மெஷின் திருவேங்கடத்திடமே தங்கிவிட்டது.

முதலில் அவனும் நேர்மையாக ஊசி போட்டுத்தான் குத்தினான். அவனைக் கெடுத்தது ரஞ்சித்குமார்.

ரஞ்சித்குமார் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஆள், புதிதாக வந்த தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவன். முன்கையில் கொட்டை எழுத்தில் 'மீரா' என்று குத்தச் சொன்னான். திருவேங்கடம் குத்திக்கொடுத்தான். அந்த மாதமே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். மீரா வேறு ஒருவனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள். வீட்டிலோ இவனுக்குப் பெண் பார்த்து நாள் குறித்துவிட்டார்கள்.

"அண்ணாத்த, இத்த அழிச்சிரு. இல்லாங்காட்டி நான் முழுக்கைச் சட்டயோட தாலி கட்டணும்" என்றான்.

அழிக்க வழியில்லை. திருவேங்கடம் அந்தக் கையை இப்படியும் அப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்தான். பிறகு 'மீரா'வுக்குப் பக்கத்தில் 'பாய்' என்று சேர்த்து, கீழே ஒரு தம்புராவும் வரைந்து அனுப்பிவிட்டான். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளைக்கு இந்த வயதிலேயே இவ்வளவு கிருஷ்ண பக்தியா என்று பெண் வீட்டார் உருகிப்போனார்கள். மாமியார் ஆர்மோனியம் வாங்கிக்கொடுத்தாள். ஏகாதசிக்கு ஏகாதசி ரஞ்சித்குமார் பட்டினி கிடந்தான். சனிக்கிழமை தோறும் பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டான். வழியில் திருவேங்கடத்தைப் பார்க்க நேர்ந்தால் வேனை நிறுத்தாமல், ஒரு கையை மட்டும் வெளியே நீட்டித் திட்டிவிட்டுப் போவான்.

ஒரு மனிதனை ஆயுளுக்கும் பஜனை பாட வைத்துவிட்டோமே என்று திருவேங்கடத்துக்கு உறுத்தலாக இருந்தது. தன் 'திருவே'யையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். அன்றைக்கே கன்னியம்மாவிடம் போய், மருதாணி மாதிரி சிவக்காமல் கறுப்பாகப் பிடிக்கிற மை ஒன்று வேண்டும் என்றான். அவள் இலை, தைலம், டிகாக்‌ஷன் என்று எதையெதையோ கலந்து காய்ச்சி, தன் காலிலேயே தடவிப் பார்த்து, ஒருவழியாகக் கொண்டுவந்து சேர்த்தாள். அந்த மை தோலில் இரண்டு வாரம் அசையாமல் இருக்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும்.

மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டு மழுங்கிய குழாய்முனையைப் பொருத்தினான். அது தோலைச் சுரண்டும், கூசும், துளைக்காது. வரைந்து முடித்ததும் மேலே துணி கட்டி, மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவான். மை கலைந்துபோய் ஓடி வருகிறவர்களிடம், "உன் ஒடம்பு வாகு அப்டி. மையி ஏத்துக்கல. ஆச கீதுன்னா சொல்லு, இன்னொருதபா சும்மாவே போட்டுடறேன்" என்பான். காசைக் கேட்டால் கொடுத்துவிடுவான். இரண்டாம் தடவையும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களுக்குத்தான் நிஜ ஊசி. அப்படிப் பிடிவாதம் பிடித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

மற்றவர்கள் தப்பித்தோம் என்று போனார்கள். படூர் கல்லூரியில் படித்த ஜெயந்த் என்ற பையன் நெஞ்சில் ஒரு பெண்ணின் பெயரோடு போனான். பத்து நாள் கழித்து வந்து, சட்டையைத் திறந்து, "அங்கிள், இது மங்குற மாதிரி இருக்கே, நிஜமாவே மங்குதா, எனக்குத்தான் அப்படித் தோணுதா?" என்று பயத்தோடு கேட்டான். நிஜமாகவே மங்குகிறது என்று தெரிந்ததும் திருவேங்கடத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். ஒரு வெள்ளைக்காரப் பெண் எதிர்ச்சுவரில் இருந்த எழுத்து கொள்ளை அழகு, அதையே முதுகில் போடு என்று ஒற்றைக்காலில் நின்றாள். சுவரில் இருந்தது 'விளம்பரம் செய்யாதீர்'. அர்த்தத்தைச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. அதுவும் கன்னியம்மாவின் மைதான். அவள் ஊர் போய்ச் சேர்வதற்குள் முதுகு காலியாகியிருக்கும்.

ஊர் உலகத்தையே வருத்தத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பதாகத் திருவேங்கடத்துக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. கண்ணாடியில் மீசையைத் தடவிக்கொள்ளும்போது அது முகத்திலேயே தெரியும். கன்னியம்மாவுக்கு அதுதான் எரிச்சல். "பொய் சொல்றதுன்னு ஆயிபோச்சி, அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பெருமை?" என்று கேட்பாள்.

இரண்டாயிரத்து மூன்று தை மாதத்தில் ஒருநாள் காலை, குடையும் கைப்பையுமாக ஓர் அம்மாள் கடை வாசலில் வந்து நின்றாள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி, பின் குத்திய தலைப்பு. அவளைப் பார்த்ததும் திருவேங்கடம் தன்னையறியாமல் எழுந்து நின்று, பீடியைப் பின்னால் மறைத்தான்.

"பச்சை குத்தறது நீங்கதானா?" என்றாள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாருக்காவது குத்திவிட்டோமோ என்று அவன் அவசரமாக யோசித்துப் பார்த்தான். அவள் வந்தது புகார் சொல்ல அல்ல. பெயர் சௌந்தரவல்லி. செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து, கடைசியில் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். கணவர் உப்பிலி தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இப்போது சிங்கப்பெருமாள் கோயில் சன்னதியில் காலையும் மாலையும் பிரபந்த கோஷ்டியில் நிற்கிறவர். இதையெல்லாம் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தின் படம். அதில் யானையையும் தேவர்களையும் விட்டுவிட்டு, கீழே ஒரு மூலையில் விரலை வைத்தாள். ஒற்றைக்காலில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனை. காலடியில் எலிகள்.

"இந்தப் பூனை வேணும். இங்கே" என்று இடது முன்கையைக் காட்டினாள்.

திருவேங்கடம் தயங்கினான். சின்னதாக ஒரு பூ, இல்லையென்றால் ஓம், அதுவும் இல்லையென்றால் ஒரு மயிலிறகு என்று இறங்கி வந்தான். அவள் அசையவில்லை.

"ஓம் கோவில்ல இருக்கு. முப்பது வருஷம் நான் கிளாஸ்ல இப்படித்தான் நின்னேன். உள்ளே சிரிப்பு பொத்துண்டு வரும், முகத்தை மட்டும் விறைப்பா வச்சுண்டு. குழந்தைகள் எல்லாம் என்னைப் பெரிய தபஸ்வின்னு நினைச்சுண்டு நடுங்கித்து. இனிமே நடிக்க வேண்டாமோன்னோ. யாருன்னு காட்டிண்டுட்டாத் தேவலை."

"வூட்ல ஐயா ஒண்ணியும் சொல்ல மாட்டாருங்களா டீச்சரம்மா?"

"தோள்ல ஏற்கெனவே சங்கும் சக்கரமும் இருக்கு. பன்னெண்டு வயசுல கேக்காமலே சூடு போட்டா. அது பெருமாளுக்கு. இது எனக்கு."

திருவேங்கடம் தலையை ஆட்டிவைத்தான். ஆனாலும் மனசுக்குள், ஓய்வு பெற்ற கையோடு கிளம்பிய கிறுக்கு, உறவுக்காரர்கள் இரண்டு கேள்வி கேட்டால் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டான். உட்கார வைத்து, மழுங்கிய முனையைப் பொருத்தி, கன்னியம்மாவின் மையில் பூனையை வரைந்தான். வந்தவர்களெல்லாம் கத்துகிற இடத்தில் அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள்.

"வலிக்கவே இல்லையே."

"ஒரு சில பேருக்கு அப்டித்தான் டீச்சரம்மா. ஒடம்பு உறுதி."

அந்தப் பொய்யைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது திருவேங்கடத்துக்கு எங்கேயோ சுருக்கென்றது. அவள் போன பிறகு, கடையின் பின்கட்டில் மருதாணிப் பொடி சலித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்திருந்த கன்னியம்மா, "அந்தம்மா திரும்பி வரும், பாத்துக்கோ" என்றாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் ஏசுபாதம் உட்கார்ந்திருந்தான். முட்டுக்காட்டில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். ஆள் தென்னைமரம் மாதிரி. புஜத்தில் நங்கூரம் வேண்டும் என்று கேட்டு, மெஷின் தொட்ட நிமிஷத்திலிருந்து ஏசுவையும் மாதாவையும் ஒருவர் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தான். துணைக்கு வந்த இரண்டு படகுக்காரர்கள் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் குடையோடு சௌந்தரவல்லி வந்து நின்றாள். திருவேங்கடம் கவனிக்கவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து மாட்டிக்கொண்டு, மெஷின் முனைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இதுல ஊசியே இல்லையே."

ஏசுபாதம் கத்தலைப் பாதியில் நிறுத்தினான். அவனும் குனிந்து பார்த்தான். காலைப் பிடித்திருந்தவர்களும் பார்த்தார்கள். பிடித்திருந்தவர்களில் ஒருவன், "அப்ப இம்மா நேரம் இன்னாத்துக்குடா கத்திகினு இருந்த?" என்று கேட்டான். ஏசுபாதம் எழுந்து திருவேங்கடத்தின் சட்டையைப் பிடித்தான்.

"உட்காரு" என்றாள் சௌந்தரவல்லி. சத்தமாகக்கூட இல்லை. அவ்வளவு பெரிய ஆள் சட்டையை விட்டுவிட்டு உட்கார்ந்தான். மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். உட்கார இடம் இல்லாததால் திருவேங்கடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவள் தலைப்பை ஒதுக்கி முன்கையைக் காட்டினாள். பூனைக்கு வாலும் ஒரு காதும் மீசையும் போயிருந்தன. தூக்கிய கைகள் மட்டும், யாரோ சரணடைகிற மாதிரி, மங்கலாகத் தெரிந்தன.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். முதல் நாள் வீட்டில் காட்டியபோது உப்பிலி பேச்சை நிறுத்திவிட்டார். ரசம் வேண்டுமானால் கிண்ணத்தைத் தட்டுவார், அவ்வளவுதான். நாத்தனார் அமிர்தவல்லி வீட்டுச் சீமந்தத்தில் விஷயம் வெடித்தது. பெரியவர்கள் எல்லோரும் கூடி, இந்த வயதில் இது என்ன கூத்து என்று பிடித்துக்கொண்டார்கள். அவள் கூடத்து நடுவில் நின்று எல்லோருக்கும் பதில் சொன்னாள். இது அழியாது, கட்டையில் போகிறவரைக்கும் கூடவே வரும், பிடிக்காதவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றாள். வாழ்க்கையில் அவ்வளவு தைரியமாக அவள் பேசினதே இல்லையாம். சின்னப் பெண்கள் சமையற்கட்டுக்கு அழைத்துப்போய் ரகசியமாகத் தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் அமிர்தவல்லி அவள் கையைப் பிடித்து மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "வால் போயிடுத்து" என்று பந்திக்கே கேட்கிற மாதிரி அறிவித்தாள். அப்புறம் என்ன, வெறும் மருதாணிக்கா இத்தனை பிரசங்கம் என்று இலைக்கு இலை சிரிப்பு. உப்பிலி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில்தான் முதல் தடவையாகப் பேசினார். "பூனை நன்னாத்தான் இருந்தது" என்றாராம்.

திருவேங்கடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் கட்சியைச் சொன்னான். ரஞ்சித்குமாரின் ஆர்மோனியம், ஜெயந்தின் அழுகை எல்லாவற்றையும் சொன்னான். பின்னால் யாரும் வருத்தப்படக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான் என்றான்.

"வருத்தப்படறதா இருந்தா அது என் வருத்தம். அதையும் நீங்களே எடுத்து வச்சுண்டுட்டா எனக்குன்னு என்ன இருக்கு?" என்றாள் சௌந்தரவல்லி. "மையில போட்டுப் பார்த்துட்டு வான்னு சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? அது நல்ல யோசனை. அதை ஏன் திருட்டுத்தனமாப் பண்றேள்?"

உள்ளேயிருந்து கன்னியம்மா எட்டிப் பார்த்து, "நல்லாக் கேளுங்க டீச்சரம்மா. நான் சொன்னா அதுக்கு ஏறாது" என்றாள்.

டீச்சரின் பார்வை அவன் கையில் விழுந்தது. "அது என்ன, திருவே?" அவன் மென்று விழுங்கிக் கதையைச் சொன்னான். மயங்கி விழுந்த இடம் வந்ததும் ஏசுபாதம்தான் முதலில் சிரித்தான். சட்டையைப் பிடித்த கோபமெல்லாம் அதோடு போயிற்று. கத்தினது தான் ஒருவன் மட்டும் இல்லை என்பதில் அவனுக்குப் பெரிய ஆறுதல். டீச்சருக்கும் உதடு துடித்தது. சிற்பத்துப் பூனை மாதிரி முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்து, முடியாமல், குடையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் கையை நீட்டினாள். "சரி. இப்போ ஊசியைப் போடுங்கோ."

"இன்னொரு நாளு யோசிச்சிட்டு..."

"போட்டுண்டு பார்த்தாச்சு. சண்டை போட்டாச்சு. வால் போனப்போ கொல்லையில நின்னு அழுதும் ஆச்சு. இதுக்கு மேல என்ன யோசிக்கணும்?"

திருவேங்கடம் புது ஊசியைப் பிரித்தான். நிஜ ஊசி போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் கோட்டை வழக்கத்தைவிட மெதுவாக இழுத்தான். ஏசுபாதமும் கூட்டாளிகளும் போகாமல் சுற்றி நின்று பார்த்தார்கள். டீச்சர் இந்தத் தடவை பல்லைக் கடித்தாள், உள்ளுக்குள் ஏதோ பாசுரத்தை முணுமுணுத்தாள், ஆனால் கையை அசைக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, மீசை இந்தப் பக்கம் ஒன்று குறைகிறது என்று திருத்தினாள். முடிந்ததும் பூனையைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்துவிட்டு, "வலிச்சுது" என்றாள். அதைச் சொன்னபோது அவளுக்கு இருந்த சந்தோஷத்தைத் திருவேங்கடம் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

போகும்முன் தண்டனையும் கொடுத்துவிட்டுத்தான் போனாள். கடை வாசலில் ஒரு போர்டு எழுதவேண்டும், வாசகத்தை அவள் சொல்லுவாள். 'முதலில் மையில் வரைந்து தரப்படும். மை போன பிறகும் ஆசை போகவில்லை என்றால் ஊசிக்கு வரவும்.' திருவேங்கடம் அன்று மாலையே பச்சையும் மஞ்சளுமாக எழுதி முடித்தான். அடுத்த வாரம் மேற்பார்வைக்கு வந்தவள் 'ஊசிகு' என்று இருந்த இடத்தில் ஒரு 'க்' போட வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

அந்தப் போர்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று அவன் பயந்தான். நடந்தது வேறு. முதலில் மை என்றதும் அம்மா அப்பாவுக்குப் பயந்த பிள்ளைகளெல்லாம் துணிந்து உள்ளே வந்தார்கள். பாதிப்பேர் மையோடு நின்றுவிட்டார்கள். மீதிப்பேர் படம் மங்கிய கையோடு திரும்பி வந்து, இதை இன்னும் கொஞ்சம் மேலே, இதில் அந்தப் பெயர் வேண்டாம், படம் மட்டும் போதும் என்று விவரமாகப் பேசினார்கள். கத்துகிற கூட்டம் மட்டும் குறைந்துவிட்டது. ஏசுபாதம் இரண்டு வாரம் நங்கூரத்தோடு சுற்றிவிட்டு, தனக்கு இது போதும் என்று சொல்லிவிட்டான். ஆனால் வருஷா வருஷம் பண்டிகைக்கு வந்து மையில் போட்டுக்கொண்டு போவான்.

ஆவணியில் ஒருநாள் நெற்றி நிறைய நாமத்தோடு ஒரு பெரியவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். உப்பிலி.

"அவளுக்குத் தெரியாது. பஜார் வரைக்கும் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். என்ன வேண்டும் என்று கேட்டதும் சட்டைப் பொத்தானைத் திருகினார். "அந்தப் பாறையில பூனைக்குக் கீழே எலி இருக்கே, கை கூப்பிண்டு. அதுல ஒண்ணு. சின்னதா. சட்டைக்குள்ளே வர மாதிரி. முதல்ல மைதானே?"

முதலில் மைதான் என்று திருவேங்கடம் உறுதி சொன்னான். எலியை அவர் விலாவில் வரையும்போது மனுஷர் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்ததில் எலிக்கு ஒரு கால் நீண்டுவிட்டது. அந்தக் காலை அவர் அப்படியே விடச் சொன்னார். ஊசிக்கு அவர் திரும்பி வரவில்லை. ஆனால் மை மங்க மங்க வந்து புதுப்பித்துக்கொண்டு போனார். டீச்சருக்கு அது தெரிந்ததா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாளா என்பதைத் திருவேங்கடம் கடைசிவரை கேட்கவில்லை.

சுனாமியில் கடையின் முன்பக்கம் போயிற்று. மெஷினைக் கன்னியம்மா வீட்டுப் பரணில் வைத்திருந்ததால் அது பிழைத்தது. தெருவின் இன்னொரு முனையில் மறுபடி கடை போட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற காலம் போய், பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் சனி ஞாயிறுகளில் கார் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில், படூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த அவர்கள் மகள் கீர்த்தனா தீபாவளி விடுமுறைக்கு வந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கணுக்காலில் ஒரு தும்பி தெரிந்தது. கன்னியம்மா விரலால் தேய்த்துப் பார்த்தாள். வரவில்லை.

"மையா?" என்றான் திருவேங்கடம்.

"இல்ல நைனா. சென்னைல ஒரு கடைல போட்டுகினேன். ஊசிதான்."

"மொதல்ல மையில போட்டுப் பாத்தியா?"

"அதெல்லாம் இல்ல. பிடிச்சுது, போட்டுகினேன்."

ஊருக்கெல்லாம் யோசித்துவிட்டு வா என்று சொன்னவன் வீட்டிலேயே ஒரு நொடி யோசிக்காத பெண் இருக்கிறாள் என்று கன்னியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திருவேங்கடம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மகளின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திருப்பினான். திட்டத்தான் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் இறக்கைக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நிதானமாகப் பார்த்தான். எங்கேயும் நடுக்கம் இல்லை, எங்கேயும் மை கசியவில்லை.

"எவன்டா இத்தப் போட்டவன்?" என்றான் கடைசியில், வாயெல்லாம் பொறாமையாக. "கோடு சுத்தமா கீதே."